ஸ்டேடியம் கட்டிப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லிவைத்த நம் பெரியவர்களுக்கு ஃபுட்பால் கிளப் நடத்திய அனுபவம் கிடையாது. இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

எவர்ட்டன் என்று ஒரு கிளப். ஊர், இங்கிலாந்தின் லிவர்பூல். புதுசாக ஒரு ஸ்டேடியம் வேண்டும் என்று அதற்கு ஆசை. ஆசைப்பட்டது 1990களின் கடைசியில். குடிபோனது 2025 ஆகஸ்டில். நடுவில் நாலு இடம் பார்த்து, மூன்று இடம் கைநழுவி, முதலாளி மாறி, எங்கோ நடந்த யுத்தத்தில் ஸ்பான்சர் காணாமல் போய், கணக்குவழக்கில் மாட்டி தண்டனை வாங்கி... சினிமா எடுக்கலாம். நீளத்தைப் பார்த்தால் மெகா சீரியல்தான் சரிப்படும்.

கால்பந்தே பார்க்காதவர் என்றாலும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் படித்தது பி.காம். யார் கோல் போட்டார் என்பதைவிட, டிக்கெட் காசு யார் கணக்கில் விழுந்தது என்பதில்தான் எனக்கு ருசி அதிகம். வீட்டுக் கடன் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், பாங்க் மேனேஜர் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர்கள், எல்லோருக்கும் இந்தக் கதை புரியும். கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

முதலில் ஒரு ஃப்ளாஷ்பேக். 1892.

அந்த வருடம்வரை எவர்ட்டன் ஆடிக்கொண்டிருந்த மைதானத்தின் பெயர் என்ன தெரியுமா? ஆன்ஃபீல்ட். ஆமாம், இன்றைக்கு லிவர்பூல் கிளப்பின் கோயிலாக இருக்கிறதே, அதேதான். எவர்ட்டன் அங்கே வாடகைக்குக் குடியிருந்தது. வீட்டுக்காரர் ஜான் ஹௌல்டிங். பீர் காய்ச்சி விற்கும் முதலாளி, உள்ளூர் அரசியல்வாதி, கிளப்பின் தலைவரும் அவரே. டீம் ஜெயிக்க ஜெயிக்க வாடகையும் ஏறியது. வருடத்துக்கு 100 பவுண்டாக இருந்தது சில வருடங்களில் 250 ஆகிவிட்டது. போதாததற்கு, மைதானத்தில் விற்கிற பானமெல்லாம் என் சரக்காகத்தான் இருக்கவேண்டும் என்கிற கண்டிஷன் வேறு. உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். ஜார்ஜ் மேஹன் என்பவர் தலைமையில் ஒரு கோஷ்டி, "உங்க மைதானத்தை நீங்களே வெச்சுக்குங்க" என்று பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஸ்டான்லி பார்க் என்ற பூங்காவின் மறுபக்கத்தில் ஒரு வெற்று நிலத்தைப் பிடித்தார்கள். பாக்ஸ்டர் என்றொரு டாக்டர் 1,000 பவுண்டு வட்டியில்லாமல் கொடுத்தார். 1892 ஆகஸ்ட் 24 அன்று புது மைதானம் திறக்கப்பட்டது.

காலி மைதானத்தை வைத்துக்கொண்டு ஹௌல்டிங் என்ன செய்வார்? ஆடுவதற்குப் புதிதாக ஒரு டீமை உண்டாக்கினார். அதுதான் லிவர்பூல் ஃபுட்பால் கிளப். ஒரு வாடகைத் தகராறில் ஜென்ம விரோதியையே பெற்றுப்போட்ட கிளப் உலகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

புது மைதானத்துக்குப் பெயர் குடிசன் பார்க். பேர்தான் குடிசன், குடிசையெல்லாம் இல்லை. இங்கிலாந்தில் கால்பந்துக்கென்றே கட்டிய பெரிய மைதானங்களில் அது முன்னோடி. 1948ல் லிவர்பூலோடு நடந்த ஆட்டத்துக்கு 78,299 பேர் வந்தார்கள். 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் வட கொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கி, பிறகு யூசேபியோ தனியாளாக நாலு கோல் போட்டு 5-3 என்று ஜெயித்தது இங்கேதான். இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே மூலையில் ஒரு சர்ச் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் நெருக்கமாகச் செங்கல் வீடுகள். வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் மைதானம்.

அந்த நெருக்கம்தான் பிற்பாடு வினையானது.

1989ல் ஹில்ஸ்பரோ விபத்து. கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் செத்துப்போனார்கள். அதற்குப்பின் வந்த விசாரணை அறிக்கை, பெரிய மைதானங்களில் இனி நின்றுகொண்டு பார்க்கக் கூடாது, எல்லாருக்கும் நாற்காலி போடவேண்டும் என்றது. நியாயமான முடிவு. ஆனால் நிற்கிற இடத்தில் உட்கார வைத்தால் கூட்டம் பாதியாகிவிடும் இல்லையா? குடிசனில் கடைசியில் மிஞ்சியது சுமார் 39,000 இருக்கைகள். அதிலும் பல இருக்கைகளுக்கு முன்னால் பழைய காலத்துத் தூண். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தூணுக்கு இந்தப்பக்கம் பாதி ஆட்டம், அந்தப்பக்கம் பாதி ஆட்டம் என்று கழுத்து வலிக்கப் பார்க்கவேண்டும். விரிவாக்கலாம் என்றால் இடமில்லை. ஒரு பக்கம் சர்ச், மற்ற பக்கங்களில் தெருக்கள்.

இதே காலத்தில்தான் பிரிமியர் லீகில் பணம் கொட்ட ஆரம்பித்தது. டிவி பணம் எல்லாருக்கும் வரும். வித்தியாசம் உண்டாக்குவது ஆட்ட நாள் வருமானம். குறிப்பாக, கண்ணாடி அறையில் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற கம்பெனி விருந்தாளிகள். லண்டனில் ஆர்சனல் சுமார் 39 கோடி பவுண்டு செலவில், 60,000 பேர் உட்காரும்படி கட்டி 2006ல் குடிபோனது. எவர்ட்டன் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். முயற்சி பண்ணியது. முதல் முயற்சிதான் எல்லாவற்றிலும் அழகானது.

கிங்ஸ் டாக். மெர்சி ஆற்றின் கரையில், ஊருக்கு நடுநாயகமான இடம். அரசாங்க ஏஜென்சிகளும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த இடத்தை மேம்படுத்த நினைத்தார்கள். 55,000 பேர் உட்காரும் ஸ்டேடியம், மூடித் திறக்கும் கூரை, கச்சேரியும் நடத்தலாம். 2001ல் எவர்ட்டன்தான் முன்னணியில் இருந்த விண்ணப்பதாரர். நீங்கள் ஒரு பங்கு போடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கிளப் போடவேண்டிய பங்கு 3 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்த 3 கோடி இல்லை.

இருக்கிறது என்றார்கள், வருகிறது என்றார்கள், யாரோ தருகிறார்கள் என்றார்கள். வரவில்லை. 2003ல் திட்டம் செத்துப்போனது. அந்த இடத்தில் இன்றைக்கு ஒரு உள்ளரங்கமும் மாநாட்டு மையமும் இருக்கின்றன. 2008ல் திறந்தது. ஜோராக ஓடுகிறது.

எவர்ட்டன் ரசிகர்கள் இதை எப்போதும் மன்னிப்பதில்லை. மன்னிக்கமுடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வருடமே, 2004 ஆகஸ்டில், உள்ளூரில் பிறந்து உள்ளூரில் வளர்ந்த 18 வயது வேய்ன் ரூனியை மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு விற்றார்கள். விலை, இரண்டரை கோடி பவுண்டுக்கு மேல். ஒரே ஒரு பையன், ஏறக்குறைய ஒரு ஸ்டேடியத்தின் முன்பணம்! அந்தக் காசும் ஸ்டேடியத்துக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம். பழைய கடன் இருந்தது, டீம் இருந்தது, சம்பளம் இருந்தது. மாதக் கடைசியில் வருகிற போனஸ் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இரண்டாவது இடம் கிர்க்பி. ஊருக்கு வெளியே, வேறொரு நகரசபையின் எல்லையில். இந்தத் திட்டத்தில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. டெஸ்கோ என்கிற சூப்பர் மார்க்கெட் பகாசுரன் அங்கே பிரம்மாண்டமான ஒரு கடை கட்டுவான். கடையும் சுற்றியுள்ள வணிக வளாகமும் தருகிற லாபத்தில் ஸ்டேடியச் செலவு கணிசமாகக் குறையும். 50,000 பேர் உட்காரலாம். கையில் காசில்லாதவனுக்கு வேறென்ன வேண்டும்?

2007ல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 59 சதவிகிதம் பேர் சரி என்றார்கள். மீதி 41 சதவிகிதம் சும்மா இருக்கவில்லை. எவர்ட்டனை நம் ஊரிலேயே வைத்திருப்போம் என்று ஒரு இயக்கமே ஆரம்பித்துப் போராடினார்கள். நாலே மைல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கலாட்டா என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஊருக்குள் பரம எதிரி 'லிவர்பூல்' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்க, இவர்கள் நகர எல்லையைத் தாண்டிப் போனால் ஊரையே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? 1892ல் ஆன்ஃபீல்டை விட்டுக் கிளம்பியவர்களுக்கு, இரண்டாவது தடவையும் நாமே ஏன் கிளம்பவேண்டும் என்கிற கோபம்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது ரசிகர்கள் இல்லை, மத்திய அரசு. அவ்வளவு பெரிய கடை வந்தால் பக்கத்துச் சிற்றூர்களின் கடைத்தெருக்கள் படுத்துவிடும் என்று பொது விசாரணைக்குப் பிறகு 2009 நவம்பரில் அனுமதி மறுத்துவிட்டார்கள். கவனியுங்கள். ஸ்டேடியத்தில் குற்றமில்லை. அதற்குச் சோறு போட வந்தவன்மீதுதான் குற்றம். அடுத்தவன் காசில் வீடு கட்டினால், அடுத்தவன் ஜாதகமும் சேர்ந்தே வரும்.

மூன்றாவதாக வால்ட்டன் ஹால் பார்க். 2014ல் அறிவித்தார்கள், 2016ல் கைவிட்டார்கள். பூங்காவில் கட்டக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு, பணமும் இல்லை. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஹீரோ என்ட்ரி. அல்லது வில்லனா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

2016 பிப்ரவரியில் ஃபர்ஹாத் மோஷிரி என்பவர் எவர்ட்டனில் 49.9 சதவிகிதப் பங்குகளை வாங்கினார். இரானில் பிறந்து, லண்டனில் படித்து, பெரிய ஆடிட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். தொழில்முறைக் கணக்காளர்! நம்மாள். பிற்பாடு அலிஷர் உஸ்மானோவ் என்கிற பெரும் பணக்காரரின் தொழில் கூட்டாளியாகித் தானும் பணக்காரரானவர். உஸ்மானோவ் உஸ்பெகிஸ்தானில் பிறந்து ரஷ்யாவில் இரும்பிலும் டெலிபோனிலும் சம்பாதித்தவர்.

முதன்முறையாகக் கிளப்பில் பணம் புழங்கியது. வீரர்களை வாங்கினார்கள், வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏழெட்டு வருடத்தில் ஏழு பயிற்சியாளர்களை நியமித்தார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முந்தையவர் வாங்கின ஆட்கள் வேண்டாம், எனக்கு வேறு ஆள் வேண்டும் என்றார்கள். புது மருமகள் வரும்போதெல்லாம் சமையலறைப் பாத்திரத்தை மாற்றுகிற வீடு மாதிரி.

ஆனால் இடம் பார்ப்பதில் மனிதர் நல்ல ஜோலி செய்தார். பிராம்லி-மோர் டாக். 1848ல் திறந்த பழைய கப்பல் துறை. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போனது. ஆற்றங்கரை, நகர எல்லைக்குள்ளேயே. கிங்ஸ் டாக்கில் இழந்தது திரும்பக் கிடைத்த மாதிரி. 2017ல் நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம். 200 வருடக் குத்தகை.

இடம் ரெடி. பணம்?

முதலில் மாநகராட்சி கைகொடுப்பதாக இருந்தது. சுமார் 28 கோடி பவுண்டை மாநகராட்சி குறைந்த வட்டியில் கடன் எடுத்து, கொஞ்சம் கூடுதல் வட்டிக்குக் கிளப்புக்குக் கொடுக்கும். அந்த வித்தியாசத்தில் வருடம் சுமார் 70 லட்சம் பவுண்டு மாநகராட்சிக்கு லாபம் என்று கணக்குச் சொன்னார்கள். அரசு நிதி வெட்டில் லைப்ரரிக்கும் முதியோர் கவனிப்புக்கும் திண்டாடுகிற ஒரு மாநகராட்சி, ஃபுட்பால் கிளப்புக்கு லேவாதேவி செய்வதா என்று ஊரில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த யோசனை மெல்ல மறைந்துபோனது. தனியாரிடம் திரட்டிக்கொள்கிறோம் என்றது கிளப்.

2020 ஜனவரியில் ஒரு வேடிக்கை. உஸ்மானோவின் கம்பெனி, இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை முதலில் எங்களிடம் கேளுங்கள் என்பதற்காக மட்டும் ஒரு தொகை கொடுத்தது. பெயர் வைப்பதற்கு இல்லை. பெயர் வைக்கலாமா என்று யோசிக்கும் உரிமைக்கு. எவ்வளவு? 3 கோடி பவுண்டு.

2003ல் எந்த 3 கோடி இல்லாமல் ஊரின் நடுநாயகமான இடம் பறிபோனதோ, அதே 3 கோடி. பதினேழு வருடம் கழித்து, வெறும் 'யோசிக்கும் உரிமை'க்கு.

2021 தொடக்கத்தில் மாநகராட்சியும் மத்திய அரசும் அனுமதி கொடுத்தன. ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம் உலகத்திலேயே அதுதான். கரையோரத்தில் திட்டமிட்ட புதிய கட்டடங்களும் இந்த ஸ்டேடியமும் பழைய துறையின் தன்மையைக் கெடுக்கின்றன என்பது அவர்கள் வாதம். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். வருடக்கணக்காகப் பாழடைந்து, வேலி போட்டுப் பூட்டிக்கிடந்த துறையை யார் வந்து பார்த்தார்கள்? நான் அவர்கள் கட்சி. பழைய கருங்கல் சுற்றுச்சுவரையும், தண்ணீர் அழுத்தத்தில் இயந்திரம் ஓட்டிய பழைய கோபுரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டுதான் கட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் வேலை ஆரம்பம். துறைக்குள் நின்ற தண்ணீரில் இருந்த மீன்களைப் பிடித்து வெளியே விட்டார்கள். பிறகு ஐரிஷ் கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி, கப்பலில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏறக்குறைய அஞ்சு லட்சம் கன மீட்டர். லாரிக் கணக்கில் யோசித்தால் தலைசுற்றும். துறை, தரையானது.

ஆறே மாதம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. உஸ்மானோவ்மீது ஐரோப்பாவும் பிரிட்டனும் தடை விதித்தன. மார்ச் முதல் வாரத்துக்குள் எவர்ட்டன் அவருடைய கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. பயிற்சி மைதானத்தின் பெயர் போனது. ஸ்டேடியத்துக்குப் பெயர் வைத்து வருடாவருடம் வந்திருக்கவேண்டிய பணம் போனது. தரை மட்டும் ரெடியாக இருந்தது.

என் பெரியப்பா ஒருவர் வீடு கட்டினார். அஸ்திவாரம் போட்டதும் ரிடையர்மென்ட் பணம் தீர்ந்தது. ஒரு வருடம் நின்றது. சீட்டு எடுத்துத் தூண் எழுப்பினார். நின்றது. பெரியம்மாவின் வளையலில் கூரை வந்தது. மாடிக்கு என்று விட்ட கம்பிகள் பன்னிரண்டு வருடம் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நின்றன. ஆனால் பெரியப்பாவுக்கு ஒரு வசதி இருந்தது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், கீழே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். ஸ்டேடியம் அப்படியில்லை. முக்கால்வாசி கட்டிய ஸ்டேடியத்தில் கால் டிக்கெட்கூட விற்கமுடியாது. ஆரம்பித்தால் முடித்தே ஆகவேண்டும், என்ன வட்டியானாலும்.

கடன் வாங்கினார்கள். கடன் கொடுக்கிறவனுக்கு உங்கள் அவசரம் தெரிந்துவிட்டால் வட்டி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டுமா? 50 கோடி பவுண்டு என்று ஆரம்பித்த மதிப்பீடு, 80 கோடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் டீம் என்ன செய்துகொண்டிருந்தது? தோற்றுக்கொண்டிருந்தது. எவர்ட்டன் 1954லிருந்து ஒரு வருடம்கூட முதல் டிவிஷனிலிருந்து இறங்கியதில்லை. இறங்கினால் டிவி வருமானம் பெருமளவு போய்விடும். கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். அதாவது அந்த நாட்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பேர் பந்தை மட்டும் உதைக்கவில்லை. கட்டடத்தையும் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2022ல் கிரிஸ்டல் பேலஸிடம் இரண்டு கோல் பின்தங்கி, 3-2 என்று ஜெயித்துத் தப்பித்தார்கள். 2023 மே 28, சீசனின் கடைசி நாள். போர்ன்மத்தோடு ஆட்டம். டூக்குரே என்கிற மிட்ஃபீல்டர் தூரத்திலிருந்து அடித்த ஒரே ஒரு கோல். 1-0. தப்பித்தார்கள். பாங்க்காரர்கள் அன்றைக்கு மைதானத்தில் இருந்திருந்தால் அவர்களும்தான் விசிலடித்திருப்பார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். பி.காம். முதல் வருடத்தில் அக்கவுன்டன்சி வாத்தியார் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி: மிஷின் வாங்கினால் என்ன செலவு? மூலதனச் செலவு. அதற்கு எண்ணெய் போட்டால்? வருவாய்ச் செலவு. மிஷினுக்காக வாங்கிய கடனுக்கு, மிஷின் ஓட ஆரம்பிக்கிறவரை கட்டுகிற வட்டி? அங்கேதான் பின்பெஞ்ச் முழிக்கும். அது மிஷின் விலையோடு சேரவேண்டிய செலவு.

பிரிமியர் லீகில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. மூன்று வருடத்தில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. ஸ்டேடியம் கட்டுகிற செலவு இதில் சேராது. எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி என்று முடிவானது. கிளப் சொன்னது: இதில் ஒரு பகுதி ஸ்டேடியத்துக்கான வட்டி சார், கழித்துவிடுங்கள். லீக் சொன்னது: ஸ்டேடியத்துக்குப் போட்டது உங்கள் முதலாளி கொடுத்த வட்டியில்லாப் பணம். வட்டிக்கு வாங்கியது வீட்டுச் செலவுக்கு. கழிக்கமுடியாது.

விசாரணைக் குழு லீக் பக்கம் சாய்ந்தது. 2023 நவம்பரில் 10 பாயின்ட் வெட்டு! அப்பீலில் அது 6 ஆனது. 2024 ஏப்ரலில் அடுத்த கணக்கு வருடத்துக்காக இன்னொரு 2 பாயின்ட். ஒரு கணக்காளரைச் சொந்தக்காரராக வைத்துக்கொண்டு, மூலதனச் செலவா வருவாய்ச் செலவா என்ற கேள்வியில் மார்க் குறைந்த கிளப்! எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் ரசித்திருப்பார். தண்டனைகளுக்குப் பிறகும் அந்த சீசனில் எவர்ட்டன் 40 பாயின்ட் எடுத்து 15வது இடத்தில் முடித்தது. அதற்கு அந்தப் பையன்களைக் கும்பிடவேண்டும். மாற்றியெழுத முடியாத ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் காலால் சரிக்கட்டினார்கள்.

வாங்க ஆள் தேடினார் மோஷிரி. 2023 செப்டம்பரில் 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்தது. வாங்குவதற்கு முன்பே, கிளப் ஓடுவதற்கென்று தவணை தவணையாகச் சுமார் 20 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. மாதங்கள் ஓடின. லீகின் ஒப்புதல் வரவில்லை. 2024 மே மாதம், இவர்களுக்குக் கடன் கொடுத்த ஒரு நிறுவனம் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அடமானமாகக் காட்டிய சொத்து ஏற்கெனவே வேறு இடத்தில் அடமானத்தில் இருக்கிறது, சிலது இவர்களுடையதே இல்லை என்று புகார். ஒரே நிலத்தை ரெண்டு பேருக்குக் கிரயம் பண்ணுகிற டெக்னிக் என்று நமக்கு உடனே புரிந்துவிடும். அந்த மாதக் கடைசியோடு கெடு முடிந்து, விற்பனை ஒப்பந்தம் காலாவதியானது. கடன் மட்டும் கிளப்பின் தலையில் நின்றது.

இவ்வளவு களேபரத்திலும் கட்டடம் உயர்ந்துகொண்டே இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மோஷிரி எத்தனையோ சொதப்பியிருக்கலாம். கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டுப் போகிற நிலைமையை மட்டும் வரவிடவில்லை. சொந்தக் கணக்கிலிருந்து கடனாகப் போட்ட சுமார் 45 கோடி பவுண்டையும் விற்கும்போது பங்காக மாற்றிவிட்டு, அதாவது திரும்பக் கேட்காமல், வெளியேறினார். 2024 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஃப்ரீட்கின் குரூப் கிளப்பை வாங்கியது. அவர்களும் ஜூலையில் ஒருமுறை வேண்டாம் என்று போய்விட்டு செப்டம்பரில் திரும்பி வந்தவர்கள்தான். வந்ததும் செய்த முதல் வேலை, கழுத்தை நெரித்த கடன்களை அடைத்து நீண்டகாலக் கடனாக மாற்றியது. ஹில் டிக்கின்சன் என்கிற, லிவர்பூலில் 1810ல் பிறந்த வக்கீல் கம்பெனி பெயருரிமையை வாங்கியது. ரஷ்ய இரும்புப் பணத்தில் தொங்கியிருக்கவேண்டிய போர்டில் இப்போது உள்ளூர் வக்கீல்களின் பெயர்.

2025 ஆகஸ்ட் 24. முதல் லீக் ஆட்டம், பிரைட்டனுக்கு எதிராக. குடிசன் திறந்த அதே ஆகஸ்ட் 24, 133 வருடம் கழித்து. 52,000 இருக்கைகளுக்கு மேல். ஒரு தூண் கிடையாது. இலிமான் என்டியாயே முதல் கோலைப் போட்டார். 2-0. அங்கே படிக்கிற என் நண்பரின் மகன், சாண்ட்ஹில்ஸ் ஸ்டேஷனில் இறங்கிப் பழைய கிடங்குகளின் ஓரமாக நடந்து போனதைச் சொன்னான். "அங்கிள், ஆத்துக் காத்து ஆளையே தள்ளுது. ஆனா எங்க உக்காந்தாலும் முழு கிரவுண்டும் தெரியுது" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா ஆட்டம் ஆரம்பிக்கும் முன் கழுத்தை ஒருமுறை இடப்பக்கம் சாய்த்து, பிறகு தேவையில்லை என்று நேராக வைத்துக்கொண்டாராம். நம்பலாமா தெரியாது. நன்றாகச் சொன்னான்.

பழைய குடிசன் என்ன ஆனது?

இடித்துவிட்டு வீடுகள், மருத்துவ வசதி, சின்னத் தோட்டம் என்றுதான் திட்டம் இருந்தது. விற்றால் நாலு காசு. ஆனால் அங்கே ஒரு சிக்கல். பல வருடங்களாக, இறந்துபோன ரசிகர்களின் அஸ்தியை மைதானத்தின் ஓரமாகப் புதைக்கக் குடும்பங்களுக்கு அனுமதி கொடுத்துவந்தார்கள். எண்ணூறு பேருக்கு மேல். 2004 வாக்கில், இனி இடமில்லை என்று நிறுத்தவேண்டியதாயிற்று. எந்த பேலன்ஸ் ஷீட்டில் இதை எழுதுவது? மூலதனமா, வருவாயா?

2025 மே மாதம், ஆண்கள் அணியின் கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால், புது முதலாளிகள் ஒரு அறிவிப்புச் செய்தார்கள். குடிசனை இடிக்கப் போவதில்லை. எவர்ட்டன் பெண்கள் அணியின் நிரந்தர மைதானமாக அது இருக்கும். அந்த வருடம் செப்டம்பரிலிருந்து அவர்கள் அங்கே ஆடுகிறார்கள். தூண்கள் அப்படியே இருக்கின்றன. மூலையில் சர்ச் எட்டிப் பார்க்கிறது. ஓரத்தில், புல்லுக்கடியில், எண்ணூறு பேரும் வாங்கிய இடத்திலேயே இருக்கிறார்கள்.